கிறவற்பாதையும் துவிச்சக்கர வண்டியும்
இலுப்பைக்கடவை வழியின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

மன்னார் மாவட்டத்தின் பழைய நிலையை அறிய விழைவோர் நாடும் நூல்களுள் ஒன்று, பிரித்தானிய அதிகாரியான டபிள்யூ. ஜே. எஸ். போக் எழுதி 1888ஆம் ஆண்டில் வெளிவந்த மன்னார் பற்றிய நூலாகும். அதே ஆண்டிலேயே, பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த கால்நடை வைத்தியரான ஜோன் பொயிட் டன்லொப் என்பார் காற்றடைத்த ரப்பர் ரயருக்கு ஆக்கவுரிமை பெற்றார். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே தொடர்பெதுவும் இல்லை. எனினும் ஒன்று மன்னாரை ஆண்டோருக்குப் பயன்பட்டது. மற்றையது, சில பத்தாண்டுகள் கழிந்தபின், மன்னாரில் வாழ்ந்தோருக்குப் பயன்பட்டது. ஆண்டோர் எழுதிய குறிப்புகளின் வழியே நாம் மன்னாரின் வரலாற்றை ஓரளவு கற்றிருக்கிறோம். ரயர் பதித்த தடத்தின் வழியே கற்க முற்பட்டால் அவ்வரலாறு எவ்வாறு தோன்றும் என்பதே இக்கட்டுரையின் பொருள். மன்னாரிலிருந்து வடக்கே பூநகரி நோக்கிச் செல்லும் கரையோர வழியையும், அவ்வழியில் அமைந்த இலுப்பைக்கடவையையும், அங்கு ஓடிய துவிச்சக்கர வண்டிகளையும் முன்வைத்து இதனை நோக்குவோம்.

வீதியொன்றின் வரலாற்றை அதனை வெட்டுவித்தவரைக் கொண்டு எழுதுவதே நம்மிடையே வழக்கம். இன்ன மன்னன் அமைத்தான், இன்ன ஆள்பதி திருத்தினார், இன்ன படை இவ்வழியே சென்றது என்ற அளவில் அவ்வரலாறு முடிந்துவிடுகிறது. படைகள் நூற்றாண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ செல்வன. மீன் விற்பவரும் ஆசிரியரும் தபாற்சேவகரும் நாள்தோறும் செல்வோர். அவர்கள் எதிற் சென்றனர், எதனைச் சுமந்தனர், எங்கே இறங்கி உருட்டினர் என்ற வினாக்களுக்கு வரலாற்று நூல்களில் இடமில்லை. அவ்வினாக்கள் அற்பமானவை என்று கருதப்படுவதே காரணமாகலாம். அக்கருத்து எமக்கு உடன்பாடன்று.

இலுப்பைக்கடவை என்ற பெயரே ஒரு வழியின் பெயராகும். இலுப்பை மரத்தை அறியாதார் நம்முள் இலர். கடவை என்பது கடந்து செல்லும் இடம். வேலியில் ஆள் நுழைவதற்கென விடப்படும் இடைவெளியை யாழ்ப்பாணத்தார் இன்றும் கடவை என்றே வழங்குவர். ஊருக்குப் பெயரிட்டோர் அதனைத் தங்கும் இடமாகக் கண்டதினும் கடக்கும் இடமாகவே கண்டனர் போலும்.

அவ்வூரைச் சூழ்ந்த நிலத்தை மேற்கிலிருந்து கிழக்காக நோக்கின் அதன் இயல்பு விளங்கும். கடலோரத்தில் ஆழமற்ற நீரும் சேறும் கண்டற்காடும் உள்ளன. அதனையடுத்துத் தரவை பரந்து கிடக்கிறது. கோடையில் உப்புப் பூத்து வெளிறித் தோன்றும் இத்தரவை, மாரியில் ஒரு சாண் நீரின் கீழ் மறைந்து, நீர் வற்றியபின் சில மாதங்கள் மாடுகளுக்கு மேய்ச்சல் நிலமாகும். தரவைக்கு அப்பால் உடையும் விடத்தலும் செறிந்த முட்பற்றைகள். விடத்தல்தீவு அம்மரத்தாற் பெயர்பெற்ற ஊர். பற்றைகளுக்குக் கிழக்கே பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காடு. காட்டினூடே குளங்களும் வயல்களும். மன்னாரிலிருந்து வரும் வீதி, கடல் வளத்தை ஒரு புறமும் காட்டு வளத்தை மறுபுறமுமாகக் கொண்டு இவ்வெளியினூடே வடக்கு நோக்கிச் செல்கிறது.

நிலம் முழுவதும் தட்டையானது. மலையென்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. ஆனால் மேடில்லாத நாட்டிற் காற்றே மேடாகும் என்பதை இங்கே வண்டி மிதித்தோர் அறிவர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் சோழகமும் கச்சானும் வெளியில் தடையின்றி வீசும். 2020ஆம் ஆண்டின் இறுதியில் மன்னார்த் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் நிறுவப்பட்டு நூறு மெகாவாற்றுக்கு மேற்பட்ட மின்வலு பெறப்படுவது அக்காற்றின் வன்மைக்குச் சான்று. எதிர்காற்றில் வடக்கிலிருந்து மன்னாருக்கு வருபவர் வியர்த்துக் களைப்பதும், அதே வழியில் திரும்புகையில் மிதியாமலே வண்டி ஓடுவதும் அவ்வழியின் இயல்பு. மழையோ பெரும்பாலும் ஒக்டோபர் முதல் சனவரி வரையிலான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்துக்கே உரியது. ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகக் கிடக்கும் பறங்கியாறும் பாலியாறும் அக்காலத்திற் பெருக்கெடுத்து வழியை மறிக்கும்.

இத்தகைய தட்டைப் பற்றைவெளிகளும் ஈரநிலங்களும் ஐரோப்பாவின் வடபகுதியிலும் உள்ளன. ஒல்லாந்து, பெல்சியம், வடசேர்மனி ஆகிய நாடுகளில் அவை துவிச்சக்கர வண்டி ஓட்டத்துக்குப் புகழ்பெற்றவை. தட்டையான நாட்டிலிருந்து வந்த ஒல்லாந்தர், தட்டையான இம்மன்னாரை 1658 முதல் 1795 வரை ஆண்டனர். துவிச்சக்கர வண்டியை அவர்கள் கொண்டுவந்திருக்க முடியாது. அதன் முன்னோடியான உருளியைக் காள் வொன் டிறைஸ் என்பார் 1817இலேயே செய்தார். ஆயினும் ஒல்லாந்தருடைய ஆட்சியின் தொடக்கமே இவ்விரு நகரங்களுக்கிடையிலான ஒரு தரைவழிப் பயணத்தோடு இணைந்தது. 1658 பெப்ரவரியில் மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய றைக்லொப் வான் கூன்ஸ் என்பாரின் படை, தரைவழியே வடக்கு நோக்கிச் சென்று, யாழ்ப்பாணக் கோட்டையை முற்றுகையிட்டு, அவ்வாண்டு யூன் மாதத்தில் வென்றது. அப்படையோடு மதகுருவாகச் சென்ற பிலிப்பஸ் பல்தேயஸ் பின்னர் 1672இல் இலங்கை பற்றிய பெருநூலை வெளியிட்டார். வன்னியிற் பிடிக்கப்பட்ட யானைகள் யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிச் செல்லப்பட்டு ஏற்றுமதியானதும் இக்காலத்தில் மிகுந்தது. வன்னியர் ஒல்லாந்தருக்குச் செலுத்திய திறை யானைகளாகவே இருந்தது. படையும் யானையும் சென்ற வழி என்ற அளவிலேயே இந்நிலம் ஏடுகளில் இடம்பெற்றது. உப்பையும் நெல்லையும் கருவாட்டையும் சுமந்த தவளமாடுகளும், மன்னாருக்கே உரிய கழுதைகளும் அவ்வேடுகளின் ஓரத்திலேதான் நடந்தன.

பிரித்தானியர் காலத்தில் மன்னாரின் முகம் தென்கிழக்குத் திசைக்குத் திரும்பியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தனர். எண்ணற்றோர் வழியிலேயே மாண்டனர். 1914இல் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை புகையிரதப் பாதை திறக்கப்பட்டபின் அரசின் கவனமும் பணமும் அத்திசையிலேயே சென்றன. வடக்கே இலுப்பைக்கடவைக்குச் செல்லும் வழியால் ஏற்றுமதிக்கு ஆவதொன்றில்லை; ஆகவே அது நெடுங்காலம் கிறவலிட்ட வழியாகவே இருந்தது. இங்கே ஒரு வியப்பான தொடர்பைச் சுட்டாமற் செல்ல இயலவில்லை. 1876இல் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து ரப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு வந்தன. டன்லொப்பின் கண்டுபிடிப்பும் பின்னர் மோட்டார் வண்டியும் ரப்பருக்குப் பெருந்தேவையை உண்டாக்க, தோட்டங்கள் பெருகின. தோட்டங்களுக்கு ஆள் வேண்டப்பட்டது. ஆட்கள் தலைமன்னார் வழியே புகையிரதத்திற் சென்றனர். அவர்கள் வெட்டிய பால் கடல்கடந்து சென்று, ரயராகித் திரும்பி வந்து, அதே மன்னாரின் கிறவற்பாதையில் மீன்காரர் ஒருவரின் வண்டியில் உருண்டது. குடியேற்றநாட்டுப் பொருளாதாரத்தின் முழு வட்டத்தையும் ஒரு சில்லிலே காணலாம்.

கிறவல் என்னும் சொல் ஆங்கிலத்திலிருந்து வந்து ஈழத்துத் தமிழில் வேரூன்றிவிட்டது. செந்நிறமான இரும்புக்கல் துகள் கலந்த மண்ணையே மக்கள் அச்சொல்லாற் குறிப்பர். அதனை அகழ்ந்து பரப்பி, நீர்விட்டு இறுக்கினால், கோடையில் அது சீமெந்துத் தளம் போன்று உறுதியாகும். கனரக வாகனங்கள் விரைந்து செல்லும்போது குறுக்கே அலையலையான மேடுகள் எழும்; மாரியிற் குழிகள் விழும். ஆனால் துவிச்சக்கர வண்டி எடை குறைந்தது. அதன் ரயர் பாதையின் ஓரத்தை நாள்தோறும் அழுத்தி, ஒரு சாண் அகலத்தில் வழுவழுப்பான தடமொன்றை அமைத்துக்கொள்ளும். எனவே கிறவற்பாதை எங்கும் ஒரு பாதைக்குள் மற்றொரு பாதை உண்டு. முதலாவதை வீதித் திணைக்களம் அமைத்தது. இரண்டாவதை ஓட்டியவர்களே அமைத்தனர்.

அவர்கள் ஓட்டிய வண்டியின் அமைப்பு சிறிது விரித்துரைக்கத்தக்கது. நொற்றிங்காம் நகரின் றலி, பேர்மிங்காம் நகரின் ஹேர்குலிஸ், ஹம்பர் முதலிய இங்கிலாந்து வண்டிகளும், பின்னர் இந்தியாவில் உற்பத்தியானவையும், அவற்றின்பின் உள்நாட்டு லுமாலாவும் நம்மவர் வீடுகளில் இடம்பெற்றன. பழைய பெரிய வண்டிகளின் அமைப்புப் பெரிதும் ஒன்றே: இருபத்தெட்டு அங்குலச் சில்லு, ஒன்றரை அங்குல அகலமான ரயர், நீண்ட இரும்புச் சட்டம், இரும்புக் கம்பிகளால் இயங்கும் பிறேக், சங்கிலியைப் புழுதியிலிருந்து காக்கும் மூடி, பின்னால் உறுதியான கரியர். ஒன்றரை அங்குலமென்பது 38 மில்லிமீற்றர். இந்த அளவு கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து எம்போரியா என்ற ஊரில் 2006ஆம் ஆண்டு கிறவற்பாதைகளில் இருநூறு மைல் ஓட்டப்போட்டியொன்று தொடங்கியது. அதன்பின் அவ்வகை ஓட்டம் உலகெங்கும் பரவி, 2022இல் இத்தாலியின் வெனெற்றோ பகுதியில் முதலாவது உலகச் சம்பியன் போட்டியும் நடந்தது. அதற்கெனத் தனியாக வடிவமைத்துப் பெருவிலைக்கு விற்கப்படும் வண்டிகளின் ரயர் பெரும்பாலும் முப்பத்தைந்து முதல் ஐம்பது மில்லிமீற்றர் வரை அகலமானது. சட்டம் நீண்டு, முன்பக்கம் சாய்ந்து, குலுக்கலைத் தாங்கும் வகையில் அமைந்தது. புதியது என்று அவர்கள் கண்டறிந்ததன் ஒரு பகுதியை நம் மீன்காரர் அறுபது ஆண்டுகளாக மிதித்துக்கொண்டிருந்தனர்! இதைப் பெருமைக்காகக் கூறவில்லை. அந்தப் பழைய வண்டியும் கிறவலிலேயே பிறந்தது. இங்கிலாந்தின் நாட்டுப்புற வீதிகளும் குடியேற்றநாடுகளின் வீதிகளும் தார் காணாதிருந்த காலத்தில் அது வடிவம் பெற்றது. தார் வந்த நாடுகளில் ரயர் மெலிந்தது. தார் வராத இடங்களில் மெலியவில்லை. வேறுபாடு ஒன்றே: அங்கே அவ்வோட்டம் விளையாட்டு, இங்கே அது பிழைப்பு.

பிழைப்பென்பதற்குச் சான்றுகள் பல. விடிவதற்கு முன் கரைக்கு வந்த மீன், கரியரிற் கட்டிய பெட்டியில் ஏறி, வெயில் ஏறுமுன் காட்டோரக் குடியேற்றங்களை அடையவேண்டும். பனி கட்டி வைக்கும் வசதியில்லாத காலத்தில் மீனின் விலையை முடிவு செய்தது மிதிப்பவரின் கால்வலுவே. கடலிலிருந்து உள்நாட்டுக்கு மீனும் கருவாடும் சென்றன. உள்நாட்டிலிருந்து கரைக்கு நெல்லும் விறகும் தேனும் வந்தன. கால்நடையாகச் செல்பவர் ஒரு மைலுக்குச் செலவிடும் உடல்வலுவில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கே துவிச்சக்கர வண்டிக்குப் போதும் என்பர். இக்கணக்கு ஏழையின் வாழ்விற் பெரும் மாற்றத்தை உண்டாக்கும் கணக்காகும். ஒரு நாளிற் சென்று மீளக்கூடிய சந்தையின் எல்லை விரிந்தது. மகனை இடைநிலைப் பாடசாலைக்கு அனுப்பக்கூடிய தூரம் விரிந்தது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்களின் வட்டமும் ஓரளவு விரிந்தது. ஆண்களுக்கு மட்டுமா என்று கேட்கலாம். வடபகுதியிற் பெண்கள் பாடசாலைக்கும் தொழிலுக்கும் துவிச்சக்கர வண்டியிற் செல்வது காலப்போக்கில் இயல்பான காட்சியாயிற்று. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாகக் கிராமப் பெண்கள் பல்லாயிரவர் சைக்கிள் ஓட்டக் கற்றமை பலராலும் எழுதப்பட்டது. நம் பெண்களின் ஓட்டம் இயக்கமெதுவுமின்றித் தேவையால் விளைந்தமையால் அவ்வாறு எழுதப்படவில்லை.

ஆடி மாதத்திலும் ஆவணியிலும் மடுத் திருவிழாவுக்குச் செல்வோரும் காட்டினூடே செல்லும் கிறவற்பாதைகளை நாடினர். உடைமுள்ளும் விடத்தல்முள்ளும் இவ்வழிகளின் தீராத பகை. ஒட்டுப் போடும் பசையும் ரப்பர்த் துண்டும் காற்றுப் பம்மும் இல்லாமற் புறப்படுவது அறிவுடைமையன்று. மரநிழலில் நீர்ச் சட்டியொன்றை வைத்து, ரியூப்பை அதில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைத் தேடும் திருத்துநர் அவ்வழியின் வைத்தியராவர். ஊர்ச் செய்திகள் அனைத்தும் அவரிடமே முதலிற் சேரும்.

துவிச்சக்கர வண்டிக்கு உள்ளூராட்சிச் சபைகள் ஆண்டுதோறும் கட்டணம் அறவிட்டு இலக்கத் தகடு வழங்கிய வழக்கத்தை முதியோர் மறந்திருக்கமாட்டார். அவ்வாறு பதிவு செய்த பேரேடுகள் எங்கேனும் எஞ்சியிருப்பின் அவை கல்வெட்டுகளுக்கு ஒப்பான மூலங்கள். எந்த ஊரில் எத்தனை வண்டிகள், எந்த ஆண்டிற் பெருகின, யார் பெயரிற் பதிவாயின என்பவற்றைக் கொண்டு ஒரு சமூக வரலாற்றையே எழுதலாம். ஆனால் வன்னியின் அலுவலகங்கள் எத்தனை முறை இடம்பெயர்ந்தன, எத்தனை முறை எரிந்தன என்பதை எண்ணும்போது அந்த நம்பிக்கை மெலிகிறது.

இனி, போர்க்காலத்துக்கு வருவோம். 1990 யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்கு எரிபொருள் செல்வது தடுக்கப்பட்டது. வண்டிகள் நின்றன, துவிச்சக்கர வண்டியே அம்புலன்சும் பேருந்தும் பாரவூர்தியும் ஆயிற்று. பின் சில்லில் உரசும் டைனமோவைக் கையாற் சுழற்றி வானொலி கேட்ட வீடுகள் பல. ஆனையிறவு வழியும் சங்குப்பிட்டி வழியும் மூடப்பட, யாழ்ப்பாணத்தார் இரவிற் கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்தனர். படகில் ஆளுக்குப் பக்கத்தில் அவரது வண்டியும் கிடந்தது. கரை சேர்ந்தபின் அதுவின்றி வன்னியில் ஓரடியும் செல்லமுடியாது என்பதை அனைவரும் அறிந்திருந்தனர். இவ்விடத்திற் சொல்லொன்று நினைவுக்கு வருகிறது. நீரைக் கடக்கும் மிதவையையும் ஈழத்தமிழர் பாதை என்றே வழங்குவர். கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையே ஓடிய பாதை நின்றபோது, பாதை இருந்தும் பாதை இல்லை என்ற நிலை சொல்லளவிலும் உண்மையாயிற்று.

அவ்வாண்டின் மற்றொரு நிகழ்ச்சியைக் கூறாமல் இவ்வழியின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. 1990 ஒக்டோபர் மாத இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் சில நாட்களுள் தம் மண்ணை இழந்தனர். விடத்தல்தீவிலும் எருக்கலம்பிட்டியிலும் முசலியிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர் பெரும்பாலும் புத்தளத்தில் அகதிகளாயினர். வீட்டையும் வயலையும் கடையையும் போன்றே வண்டிகளையும் விட்டுச் சென்றனர். இக்கரையின் வாணிகத்தில் அவர்களுக்கிருந்த பங்கு பெரிது. அவர்கள் மிதித்த தடமும் இக்கிறவலிற் பதிந்ததே. இடப்பெயர்வு என்றதும் 2008ஐ மட்டும் நினைப்போர், அதே வீதியின் தென்கோடியில் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த வெளியேற்றத்தை மறத்தலாகாது. ஒன்றைச் செய்தவர் வேறு, மற்றையதைச் செய்தவர் வேறு என்பது மறத்தற்குரிய காரணமாகாது.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து வெளியேறியபோதும் துவிச்சக்கர வண்டிகளே நிரையாக நகர்ந்தன. அவர்களுட் பலர் பின் வன்னிக்கு வந்தனர். 2002 பெப்ரவரியில் ஏற்பட்ட போர்நிறுத்தம் சில ஆண்டுகள் மூச்சுவிட இடமளித்தது. மீண்டும் போர் மூண்டு மன்னார் நோக்கித் திரும்பியபோது முதலில் இடம்பெயர்ந்தோருள், வரலாற்றின் விந்தையோ என்னவோ, மடுமாதாவும் ஒருவர். ஒல்லாந்தர் காலத்திற் கத்தோலிக்கர் துன்புறுத்தப்பட்டபோது மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டு செல்லப்பட்டது அத்திருச்சொரூபம் என்பது மரபு. 2008 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் அது மடுவிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டு, இலுப்பைக்கடவைக்கு வடக்கே வெள்ளாங்குளத்தை அண்மித்த தேவன்பிட்டித் தேவாலயத்தில் வைக்கப்பட்டது. சில மாதங்களில் அங்கும் போர் வந்தது. சொரூபம் அவ்வாண்டே மடுவுக்கு மீண்டது. மக்களோ மீளவில்லை.

2008 யூலை 16ஆம் நாள் விடத்தல்தீவும், 20ஆம் நாள் இலுப்பைக்கடவையும், ஓகஸ்ட் 2ஆம் நாள் வெள்ளாங்குளமும் இராணுவத்தின் வசமாயின. இத்தேதிகள் படைநடவடிக்கைக் குறிப்புகளிற் காணப்படுவன. ஒவ்வொரு தேதிக்கும் முன்னே சில நாட்களோ கிழமைகளோ வீதியில் வடக்கும் கிழக்கும் நோக்கி நகர்ந்த மனித வரிசை அக்குறிப்புகளில் இல்லை. உழவு இயந்திரம் உள்ளோர் கூரைத் தகடுகளையும் கதவுகளையும் கழற்றி ஏற்றினர். இல்லாதோருக்குத் துவிச்சக்கர வண்டி. கரியரில் அரிசிப் பையும் பாயும் தறப்பாளும், பாரிற் குழந்தை, ஹான்டிலிற் சட்டியும் வாளியும், சில வேளைகளில் நடக்கவியலாத தாயோ தந்தையோ கரியரில். அவ்வளவு சுமையோடு எவராலும் ஏறி மிதிக்கமுடியாது. ஆகவே அவை ஓட்டப்படவில்லை, உருட்டப்பட்டன. 1954இல் வியற்நாமின் டியன் பியன் பூ போருக்கு ஒரு வண்டிக்கு இருநூறு கிலோகிராமுக்கும் மேலாக ஏற்றிக் காட்டு வழியே தள்ளிச் சென்றதைப் படைவரலாறு வியந்து கூறும். வெற்றிக்காகத் தள்ளியவர் பெயர்பெற்றனர். உயிர் பிழைக்கத் தள்ளியவரைப் பற்றி எந்தப் படைவரலாறு எழுதும்?

முழங்காவில், அக்கராயன், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என அவ்வரிசை கிழக்கே ஒடுங்கியது. ஒவ்வோர் இடத்திலும் ஏதேனும் ஒன்று இறக்கிவிடப்பட்டது. முதலிற் கதவு, பின் தையல் இயந்திரம், பின் நெல், பின் பாத்திரம். வண்டி மட்டும் இறுதிவரை வந்தது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தபோது, கடனீரேரியைக் கடந்து வெளியேறியோர் அதையும் விட்டுச் செல்லவேண்டியதாயிற்று. அப்பகுதியிற் குவிந்து துருவேறிக் கிடந்த வாகனங்களையும் துவிச்சக்கர வண்டிகளையும் பின்னர் வெளியான படங்களிற் பலரும் கண்டிருப்பர். அவற்றுள் மன்னார்க் கரையின் கிறவலில் உருளத் தொடங்கியவையும் கிடந்தன என்பதில் ஐயமில்லை. கட்டிடக் கலையையும் நாணயங்களையும் வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளும் நாம், அக்குவியலையும் ஒரு சான்றாகப் பாதுகாத்திருக்கவேண்டும். அது பழைய இரும்பாகவே மதிக்கப்பட்டது.

செட்டிகுளம் முகாம்களிலிருந்து மக்கள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டனர். இறுதி முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஊர் திரும்பியோருக்கு வீடில்லை, மரமில்லை, தாரும் பெயர்ந்து புழுதியாய்க் கிடந்தது வீதி. உதவியாகக் கிடைத்த பொருள்களுள் மீண்டும் துவிச்சக்கர வண்டி இடம்பெற்றது. 2011 சனவரி 16ஆம் நாள் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. இருநூற்று எண்பத்தெட்டு மீற்றர் நீளமான அப்பாலத்தால் நாவற்குழி முதல் மன்னார் வரையிலான வழி முதன்முறையாக நீரால் அறுபடாத ஒரே வீதியாயிற்று. வீதியும் அகலித்துத் தாரிடப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குப் பேருந்து இலுப்பைக்கடவையில் ஓரிரு நிமிடம் நின்று செல்கிறது. 2016இல் விடத்தல்தீவுக் கரையோரத்தின் கண்டலும் தரவையும் கடலுமாக ஏறக்குறைய இருபத்தொன்பதாயிரம் ஹெக்ரேயர் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. தெற்கே வங்காலைச் சரணாலயம் 2010இலேயே றாம்சார் ஈரநிலங்களின் நிரலிற் சேர்ந்துவிட்டது. குளிர்காலத்தில் வரும் புலம்பெயர் பறவைகளைக் காண்பதற்கென வருவோர் இப்போது இவ்வழியே செல்கின்றனர். அவர்களுள் வண்டி மிதித்து வருவோரும் உளர்.

கிறவல் இப்போது பெருவீதியை விட்டுக் கிளைவழிகளுக்குச் சென்றுவிட்டது. கரைக்கு இறங்கும் வழிகளிலும், குளக்கட்டுகளிலும், காட்டோர வயல்களுக்குச் செல்லும் பாதைகளிலும் அது நிலைத்திருக்கிறது. பெருவீதியிலோ பேருந்துகளும் பாரவூர்திகளும் விரைந்து செல்வதால் முதியோரும் பாடசாலைப் பிள்ளைகளும் தாரின்மேல் ஓட்ட அஞ்சி ஓரத்திற்கு இறங்கிவிடுகின்றனர். தாருக்கும் பற்றைக்கும் இடையே எஞ்சிய கிறவற் கரையில், ஒரு சாண் அகலத்தில், அவர்களுடைய தடம் மீண்டும் விழத் தொடங்கியிருக்கிறது.